எல்லையே அளவாகிவிடும்போது: ரயில், விமானப் பணியாளர் அட்டவணைக் கணக்கு

விமான நிறுவனங்களும் ரயில்வேக்களும் பணியாளர் அட்டவணையைக் கணிப்பொறியிடம் ஒப்படைத்ததிலிருந்து, ‘இதற்கு மேல் கூடாது’ என்று விதிப்புத்தகம் வகுத்த எல்லைகள் ‘இவ்வளவு வேலை’ என்ற அன்றாட அளவுகளாக மாறி வருகின்றன. அப்படி மாற்ற வேண்டும் என்று யாரும் எங்கும் தீர்மானம் போடவில்லை. செலவைக் குறைக்கும் கணிதம் எந்த வழியில் விடை தேடுகிறதோ, அந்த வழியிலேயே இந்த மாற்றத்துக்கான காரணமும் இருக்கிறது. அந்தக் கணிதத்தை நான் மிகவும் மதிக்கிறேன்; இருபதாம் நூற்றாண்டின் அழகான கண்டுபிடிப்புகளில் அதுவும் ஒன்று என்றே நினைக்கிறேன்; என் பிழைப்பும் அதில்தான். ஆனால் ஜோலார்பேட்டையில் ரயில் ஓட்டும் ஒரு லோகோ பைலட்டின் மகளாக வளர்ந்தவள் என்பதால், அந்தக் கணக்கின் விடை ஒரு மனிதரின் உறக்கத்தில் எங்கே போய் முட்டுகிறது என்பதையும் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்து எழுத வேண்டும் என்பது நெடுநாள் எண்ணம்.

பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்காரர்களுக்கு ரயில் புதிதல்ல. தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைதான் திறக்கப்பட்டது. அரக்கோணத்தில் மின்சார லோகோ ஷெட் இருக்கிறது; காட்பாடியில் திருப்பதிக்கும் விழுப்புரத்துக்கும் பாதைகள் பிரிகின்றன; சென்னை சென்ட்ரலிலிருந்து ஏறத்தாழ 214 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஜோலார்பேட்டையில் பெங்களூர்ப் பாதையும் சேலம் பாதையும் பிரிகின்றன. மாவட்டம் இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பிரிந்துவிட்டாலும், ரயில்வே குடும்பங்களின் பேச்சு எங்கும் ஒன்றுதான். பணியேற்கும் இடம் லாபி. அங்கே சைன் ஆன், திரும்பி வந்தால் சைன் ஆஃப். வெளியூரில் படுத்து எழும் இடம் ரன்னிங் ரூம். மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளை யார் எந்த வரிசையில் ஓட்டுவது என்ற சுழற்சிக்கு லிங்க் என்று பெயர். வண்டியை ஓட்டாமல், பணியின் பகுதியாகவே பயணியாகப் போய்ச் சேர்வது ஸ்பேரில் போவது.

அப்பா கூட்ஸ் வண்டி ஓட்டிய காலத்தில், நள்ளிரவில், பணிக்கான அழைப்பை (கால்) கொண்டுவரும் கால் பாய் சைக்கிளில் வந்து கதவைத் தட்டுவார். கால் புத்தகத்தில் அப்பா கையெழுத்துப் போட்டதிலிருந்து இரண்டு மணி நேரத்தில் லாபியில் இருக்க வேண்டும். அம்மா எழுந்து அடுப்பைப் பற்றவைப்பார். சாப்பாட்டு கேரியர், ஓட்டுநர்கள் பணிக்கு எடுத்துச் செல்லும் பெட்டியான லைன் பாக்ஸுக்குள் போகும். எப்போது திரும்புவார் என்று அம்மா கேட்டதே இல்லை, ஏனென்றால் அது அப்பாவுக்கும் தெரியாது. பிறகு மெயில் டிரைவராக லிங்க்கில் வந்தபோதுதான், வாரத்தின் எந்த நாளில் அவர் வீட்டில் இருப்பார் என்று எங்களால் முன்கூட்டியே சொல்ல முடிந்தது. ஒரு நல்ல அட்டவணை குடும்பத்துக்கு என்ன தரும் என்பதை நான் முதலில் கற்றது அங்கேதான்.

இனி விதிகளைப் பார்க்கலாம். ரயில்வே பணியாளர்களின் வேலை நேரத்தையும் ஓய்வையும் வகுக்கும் 2005-ஆம் ஆண்டு விதிகளும் ரயில்வே வாரியத்தின் ஆணைகளும் சேர்ந்து சொல்வது சுருக்கமாக இதுதான். ஒரே ஓட்டமாகச் செய்யும் பணி சாதாரணமாக 9 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. சைன் ஆன் முதல் சைன் ஆஃப் வரை 11 மணி நேரம். எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ பணி செய்தவருக்குத் தலைமையிடத்தில் 16 மணி நேர ஓய்வும் வெளியூர் ரன்னிங் ரூமில் 8 மணி நேர ஓய்வும் தர வேண்டும். இரண்டு வாரத்துக்கு 104 மணி நேரப் பணி. மாதத்தில் 30 மணி நேரக் கால ஓய்வு (குறித்த இடைவெளியில் தரும் நீண்ட ஓய்வு) நான்கு முறை, அல்லது 22 மணி நேர ஓய்வு ஐந்து முறை. விமானிகளுக்கும் இதே போன்ற விதிகளைச் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. வகுத்திருக்கிறது, அங்கே பறக்கும் நேரத்துடன் தரையிறக்கங்களின் எண்ணிக்கையும் எல்லைக்கு உட்பட்டது.

இந்த விதிகளுக்குள் எல்லா வண்டிகளுக்கும் ஆள் போட வேண்டும். செலவு குறைவாக இருக்க வேண்டும். கணக்கு இவ்வளவுதான். எளிமையாகத் தெரிகிற இந்தக் கணக்கை ஒரு சிறிய எடுத்துக்காட்டில் போட்டுப் பார்த்தால் அதன் குணம் புரியும்.

ஜோலார்பேட்டையைத் தலைமையிடமாக வைத்து, சென்னைக்கு இரண்டு வண்டிகளும் சென்னையிலிருந்து இரண்டு வண்டிகளும் தினமும் ஓடுவதாகக் கற்பனை செய்துகொள்வோம். ஜோலார்பேட்டையில் காலை 5.00-க்குப் புறப்படும் வண்டி 8.30-க்குச் சென்னை சேர்கிறது, பகல் 12.00-க்குப் புறப்படுவது 15.30-க்குச் சேர்கிறது. சென்னையிலிருந்து 10.15-க்குப் புறப்படும் வண்டி 13.45-க்கும், 17.10-க்குப் புறப்படுவது 20.40-க்கும் ஜோலார்பேட்டை வருகின்றன. புறப்பட்டதிலிருந்து திரும்பி வரும் வரை 9 மணி நேரம் என்பதை எல்லையாக வைப்போம். இடையில் ரன்னிங் ரூமில் முழு ஓய்வு கொடுத்தால் இந்த எல்லை புதிதாகத் தொடங்கும்.

முதல் வழியில், 5.00 மணி வண்டியை ஓட்டிப் போனவர் 10.15 வண்டியைப் பிடித்து 13.45-க்கு வீடு திரும்புகிறார்: 8 மணி 45 நிமிடம். பகல் 12.00 மணிக்குப் போனவர் 17.10 வண்டியில் திரும்புகிறார்: 8 மணி 40 நிமிடம். இருவரும் சேர்ந்து வெளியில் இருந்தது 17 மணி 25 நிமிடம். இரண்டாவது வழியில், காலையில் போனவர் ரன்னிங் ரூமில் ஓய்வெடுத்து 17.10 வண்டியைக் கொண்டுவருகிறார்: 15 மணி 40 நிமிடம். பகலில் போனவர் இரவு தங்கி மறுநாள் 10.15 வண்டியில் வருகிறார்: 25 மணி 45 நிமிடம். கூட்டினால் 41 மணி 25 நிமிடம். இரண்டு வழிகளுக்கும் உள்ள வித்தியாசம் சரியாக 24 மணி நேரம். இது தற்செயல் அல்ல. தினமும் திரும்பத் திரும்ப வரும் அட்டவணையில் இணைப்புகளை மாற்றினால், மொத்த நேரம் முழு நாட்களாகத்தான் கூடும் அல்லது குறையும். ஒரு முழு நாள் கூடுகிறது என்றால், எந்த நேரத்தில் எண்ணிப் பார்த்தாலும் ஓர் ஆள் கூடுதலாக வெளியில் இருக்கிறார் என்று பொருள்.

செலவைக் குறைக்கும் கணக்கு முதல் வழியைத்தான் தேர்ந்தெடுக்கும். ஓட்டுநர்களுக்கும் அது பிடிக்கும், இருவரும் இரவில் சொந்த வீட்டில் படுக்கிறார்கள். ஆனால் எல்லைக்கும் பணிக்கும் இடையே மிச்சம் இருப்பது முதலாமவருக்கு 15 நிமிடம், இரண்டாமவருக்கு 20 நிமிடம். சோளிங்கர் அருகே ஒரு சிவப்பு சிக்னலில் 10.15 வண்டி 20 நிமிடம் நின்றால், வண்டி ஜோலார்பேட்டை வருவதற்குள் ஓட்டுநர் எல்லையைத் தாண்டிவிடுவார். காட்பாடியில் மாற்று ஆள் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால், தாண்டியது தாண்டியதாகவே அவர் ஓட்டிக்கொண்டு வர வேண்டும்.

நான்கு வண்டிகளுக்கு இரண்டே வழிகள்தான், கையால் முடித்துவிட்டோம். நிஜத்தில் நூற்றுக்கணக்கான வண்டிகள். தலைமையிடத்தில் தொடங்கித் தலைமையிடத்திலேயே முடியும் ஒவ்வொரு பணித்தொடரையும் சுற்றுப்பணி என்று அழைப்போம். விதிக்கு உட்பட்ட சுற்றுப்பணிகள் 300 மட்டுமே இருந்தாலும், ஒவ்வொன்றையும் எடுப்பதா விடுவதா என்ற கேள்விக்கான விடைச்சேர்க்கைகளின் எண்ணிக்கை 91 இலக்கங்கள் கொண்டது. ஒரு பெரிய விமான நிறுவனத்தில் சுற்றுப்பணிகளே கோடிக்கணக்கில் இருக்கும். ஒவ்வொரு வண்டியும் தேர்ந்தெடுத்த சுற்றுப்பணிகளில் சரியாக ஒன்றில் மட்டும் இடம்பெற வேண்டும் என்றால் அது கணப் பிரிவினைக் கணக்கு. ஒன்றுக்கு மேல் வந்தாலும் பரவாயில்லை, கூடுதல் ஆள் ஸ்பேரில் போகட்டும் என்றால் கண உறைக் கணக்கு. 1972-இல் ரிச்சர்ட் கார்ப் கடினமானவை என்று நிறுவிக் காட்டிய 21 கணக்குகளில் கண உறையும் ஒன்று. எல்லா நேரத்திலும் விரைவாகச் சரியான விடை தரும் வழி எதுவும் இதற்கு இன்று வரை கிடைக்கவில்லை.

அப்படியிருந்தும் ஒவ்வொரு மாதமும் உலகின் விமான நிறுவனங்கள் இந்தக் கணக்கைப் போட்டு முடிக்கின்றன. எப்படி என்பதுதான் எனக்கு இன்றும் சலிக்காத பகுதி. பிளஸ் டூ வணிகக் கணிதத்தில் நேரியல் திட்டமிடல் படித்தவர்களுக்கு அதன் அடித்தளம் தெரிந்திருக்கும். 1947-இல் ஜார்ஜ் டான்ட்சிக் கண்ட சிம்ப்ளெக்ஸ் முறையிலிருந்து தொடங்கும் வழி அது. கோடிக்கணக்கான சுற்றுப்பணிகளையும் எழுதி வைத்துக்கொண்டு தேடினால் நினைவகம் போதாது. ஆகவே முதலில் ஏதோ ஒரு விதத்தில் எல்லா வண்டிகளையும் ஓட்டக்கூடிய சில நூறு சுற்றுப்பணிகளை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்கைத் தீர்ப்பார்கள். விடையோடு கூடவே ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நிழல் விலை வெளிவரும்: இந்த வண்டிக்கு ஆள் போடுவது இன்றைய நிலையில் மொத்தச் செலவில் எவ்வளவு கூட்டுகிறது என்பதே அந்த விலை. பிறகு கணிப்பொறி ஒரே ஒரு கேள்வியைக் கேட்கும். தான் ஓட்டும் வண்டிகளின் நிழல் விலைகளைக் கூட்டினால் வரும் தொகையைவிடக் குறைந்த செலவில் முடியக்கூடிய புதிய சுற்றுப்பணி ஏதாவது உண்டா? ஒரு காலை வண்டியின் விலை 2,500 ரூபாய், ஒரு மாலை வண்டியின் விலை 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் 4,800 ரூபாயில் முடிக்கும் சுற்றுப்பணி ஒன்று கிடைத்தால் 700 ரூபாய் ஆதாயம்; அதைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டு மறுபடி தீர்ப்பார்கள். விலைகள் மாறும், மறுபடி தேடுவார்கள். அப்படி ஒரு சுற்றுப்பணியும் கிடைக்காத நிலை வந்தால், எழுதிப் பார்க்காத கோடிகளிலும் இதைவிட நல்லது இல்லை என்று நிச்சயமாகச் சொல்லிவிடலாம். பார்க்காமலேயே நிரூபிக்க முடிகிறது என்பதை முதன்முதலில் புரிந்துகொண்டபோது அடைந்த வியப்பு எனக்கு இன்னும் தீரவில்லை.

ஒவ்வொரு சுற்றுப்பணியும் கணக்கில் ஒரு நிரல் (column) என்பதால் நிரல் உருவாக்கம் எனப்படும் இந்த முறை விமானத்துக்காகப் பிறந்ததல்ல. 1961-இல் கில்மோரும் கோமோரியும் காகித உருளைகளை வீணாகாமல் வெட்டும் கணக்குக்கு இதைப் பயன்படுத்தினார்கள். ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ ஒரு ஷூ தொழிற்சாலையில், ஒரு தோலில் எந்தெந்தத் துண்டுகளை எப்படி அடுக்கி வெட்டினால் கழிவு குறையும் என்று கட்டிங் மாஸ்டர் யோசிப்பதும் இதற்கு நெருங்கிய உறவுதான்: தோலுக்குப் பதில் ஓட்டுநரின் ஒரு நாள், துண்டுகளுக்குப் பதில் வண்டிகள்.

இந்த இடத்தில் ஒரு சிக்கல் வரும். மூன்று வண்டிகள், ஒவ்வொன்றும் அவற்றில் இரண்டை ஓட்டக்கூடிய ஒரே செலவுள்ள மூன்று சுற்றுப்பணிகள். நேரியல் கணக்கு மூன்றையும் பாதிப் பாதியாக எடுத்துக்கொண்டு ஒன்றரை ஆள் போதும் என்று சொல்லும். அரை ஆளை லாபிக்கு அனுப்ப முடியாது. உண்மையில் இரண்டு பேர் வேண்டும். இந்தப் பின்னங்களை முழு எண்ணாக்க 1981-இல் ரயனும் ஃபாஸ்டரும் சொன்ன வழி எனக்கு மிகவும் பிடித்தது. சுற்றுப்பணிகளைப் பற்றிக் கேட்காமல், ‘இந்த இரண்டு வண்டிகளையும் ஒரே ஆள் ஓட்டுவாரா, வேறு வேறு ஆட்களா?’ என்று கேட்டுக் கணக்கை இரண்டு கிளைகளாகப் பிரிப்பார்கள். கையால் லிங்க் போட்ட பழைய எழுத்தர் பென்சிலை வைத்துக்கொண்டு யோசித்ததும் இதே கேள்வியைத்தான். நிரல் உருவாக்கத்தையும் கிளை பிரித்தலையும் இணைத்த முழு முறையை 1998-இல் பார்ன்ஹார்ட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் தொகுத்து எழுதினார்கள். அதற்கு முன்பே, 1991-இல், அமெரிக்கன் ஏர்லைன்ஸின் கணித வல்லுநர்கள் தங்கள் சுற்றுப்பணி மென்பொருளால் ஆண்டுக்கு 2 கோடி டாலருக்கு மேல் மிச்சமாவதாகப் பதிவு செய்திருக்கிறார்கள். எரிபொருளுக்கு அடுத்தபடியாகப் பெரிய செலவு பணியாளர் செலவு என்பதால், ஒரு சதவீதம் குறைந்தாலும் தொகை பெரிது.

ரயில்வேக்கள் பின்னால் வந்தன, ஆனால் பெரிய கணக்குகளோடு வந்தன. 1994-இல் இத்தாலிய ரயில்வே ஒரு போட்டியே வைத்தது: 5,000 நிரைகள் (ஆள் போட வேண்டிய ஓட்டங்கள்), 10 லட்சம் நிரல்கள் (சுற்றுப்பணிகள்) என்ற அளவுள்ள கண உறைக் கணக்குகளைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். கப்ராரா, ஃபிஷெட்டி, டோத் ஆகிய மூவரின் முறை வென்றது. ரயிலில் கணக்கு வேறுபடும் இடங்களும் உண்டு. ஒரு விமானி ஒரு வகை விமானத்துக்குத் தகுதி பெற்றால் அந்த வகை பறக்கும் பெரும்பாலான ஊர்களுக்கும் போகலாம். லோகோ பைலட்டோ ரோடு லேர்னிங் முடித்த பாதையில் மட்டுமே ஓட்டலாம், சிக்னல் எங்கே, ஏற்றம் எங்கே, வேகக் கட்டுப்பாடு எங்கே என்று அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லைக்கு வருவோம். நேரியல் கணக்கின் சிறந்த விடை எப்போதும் ஒரு மூலையில் கிடைக்கும் என்பது பாடப்புத்தகத் தேற்றம். மூலை என்பது கட்டுப்பாட்டுக் கோடுகள் சந்திக்கும் இடம், அதாவது பல எல்லைகளை ஒரே நேரத்தில் தொட்டுக்கொண்டிருக்கும் இடம். பணி நேர எல்லை இந்தக் கணக்கில் நேரடிக் கோடாக இல்லாமல், சுற்றுப்பணிகளை உருவாக்கும் பகுதியில் இருக்கிறது என்றாலும் விளைவு மாறுவதில்லை. ஓர் ஆளின் நாளில் எவ்வளவு வண்டிகளை அடைக்க முடியுமோ அவ்வளவு அடைப்பதுதான் மலிவு. 8 மணி 45 நிமிடச் சுற்றுப்பணி கிடைக்கும்போது 7 மணி நேரத்தோடு நிறுத்த எந்தக் காரணமும் கணிப்பொறிக்கு இல்லை. கையால் போட்ட லிங்க்கில் ஓட்டுநர்களுக்கு அரை மணி, ஒரு மணி என்று மூச்சுவிட இடம் இருந்தது. எழுத்தர் இரக்கப்பட்டு விட்டதல்ல அது. சரியாக அமையும் ஒரு விடை கிடைத்ததும் அவர் தேடலை நிறுத்திவிட்டார், அதனால் எல்லை வரை போகும் தேவை அவருக்கு அமையவில்லை. விதியை எழுதியவர்களும் அந்தக் காலத்தை மனத்தில் வைத்துத்தான் எழுதினார்கள். தாமதமான நாளில், மழை நாளில், எப்போதாவது தொடும் எல்லை 9 மணி நேரம் என்று அவர்கள் கொண்டிருக்க வேண்டும். இருப்பதிலேயே சிறந்த விடையைத் தேடும் உகப்பாக்கம் (optimization) வந்த பிறகு அதே எண் திட்டத்திலேயே தினமும் தொடப்படுகிறது.

பயிற்சிக்காக ஒரு முறை ஜோலார்பேட்டை வண்டிகளைப் போலவே அமைத்த ஒரு கற்பனை அட்டவணையைத் தீர்த்து, அச்செடுத்த தாளை அப்பாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மொத்தச் செலவைப் பார்க்காமல், ஒவ்வொருவரின் பணி நேரத்தைக் காட்டிய நேர்கோடுகளின் முடிவுகளை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே போனார். “எல்லாரும் எட்டே முக்கால், எட்டு அம்பதுன்னு நிக்கிறாங்களேம்மா” என்றார். “ஒம்போது மணி நேரத்துக்குள்ளதானேப்பா இருக்கு” என்றேன். “ஒம்போதுங்கறது அதுக்கு மேல போகாதேன்னு சொன்னதும்மா. அது வரைக்கும் ஓட்டுன்னு சொன்னதில்ல. சரி, இதுல ஸ்பேர் ஆளு எங்க இருக்கான்?” அவர் கேட்டது, அவசரத்துக்கு மாற்றாகத் தயாராக வைக்கும் ஸ்பேர் ஆளை; அப்படி ஒருவர் இல்லைதான். தேவை என்று கணித மாதிரியில் (model) எழுதாத எதையும் கணக்கு வைத்துக்கொள்ளாது.

அந்தக் கேள்வி ஒரு நாட்டையே நிறுத்தியதை 2025 டிசம்பரில் பார்த்தோம். 2024 ஜனவரியில் டி.ஜி.சி.ஏ. விமானிகளின் சோர்வைக் குறைக்கப் புதிய விதிகளை வெளியிட்டது. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்ந்தது. இரவு என்பது நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை என்று நீட்டப்பட்டது. இரவுப் பணியில் தரையிறக்கங்கள் ஆறிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டன. அவை 2025 ஜூலை, நவம்பர் என்று இரண்டு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோவின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. டிசம்பர் 5 அன்று மட்டும் ஆயிரத்துக்கும் மேல். சில விதிகளைத் தற்காலிகமாகத் தளர்த்திய பிறகுதான் நிலைமை சீரானது. பிறகு நடந்த விசாரணை சொன்ன காரணங்களில் முதன்மையானது, செயல்பாடுகளை அளவுக்கு மீறி உகப்பாக்கம் செய்தது. கணித மாணவர்கள் இந்தச் சொற்றொடரைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். உகப்பாக்கத்தில் அளவு மீறல் என்று ஒன்று இல்லை. கொடுத்த குறிக்கோளுக்குச் சிறந்த விடை, அவ்வளவே. குறிக்கோளில் தாமதத்தின் விலையையும் ஆள் பற்றாக்குறையின் விலையையும் எழுதாமல் விட்டதைத்தான் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அளவு மீறல் என்று அழைக்கிறார்கள்.

2022 டிசம்பரில் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனத்துக்கு நேர்ந்தது இதன் மறுபக்கம். பனிப்புயலில் தொடங்கி ஏறத்தாழ 16,700 விமானங்கள் ரத்தாயின. மற்ற நிறுவனங்கள் சில நாட்களில் மீண்டுவிட்டன. சவுத்வெஸ்ட்டின் மென்பொருளால், எந்தப் பணியாளர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதையே பின்தொடர முடியவில்லை. பணியாளர்கள் தாங்கள் இருக்கும் இடத்தைச் சொல்வதற்காகத் தொலைபேசியில் மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். திட்டம் போடும் கணக்கும், திட்டம் குலைந்த பின் மீளும் கணக்கும் வேறு வேறு. இரண்டாவதைச் சில நிமிடங்களில் தீர்க்க வேண்டும். முதல் கணக்கில் இடைவெளி வைக்காதவர்களுக்கு இரண்டாவது கணக்கில் விடையே இருக்காது.

நெதர்லாந்து ரயில்வேயின் கதை இவற்றைவிட எனக்கு நம்பிக்கை தருகிறது. 2001-இல் அங்கே நிர்வாகம், ஒரு வண்டியின் தாமதம் ஓட்டுநர் வழியாக வேறு பாதைகளுக்குத் தொற்றாமல் இருக்க வேண்டும் என்று, ஒவ்வொரு ஓட்டுநரையும் மிகச் சில பாதைகளுக்குள் அடைத்து ஓர் அட்டவணை போட்டது. கணித ரீதியாக அது நியாயமான யோசனை. ஆனால் ஒரே பாதையில் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருப்பதைத் தேவாலயத்தைச் சுற்றி வருவது என்று ஓட்டுநர்கள் பெயர் வைத்து வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் பிறகு நடந்ததுதான் முக்கியம். நல்ல வண்டிகளும் சலிப்பூட்டும் வண்டிகளும் எல்லா டெப்போக்களுக்கும் சமமாகப் பங்கிடப்பட வேண்டும், ஒரு பணிநாளுக்குள் பாதைகளில் மாறுதல் இருக்க வேண்டும் என்பவற்றை எண்களாக மாற்றி, கட்டுப்பாடுகளாக மாதிரிக்குள்ளேயே எழுதினார்கள். கசப்பையும் இனிப்பையும் பங்கிடும் விதிகள் என்றே அவை அறியப்பட்டன. அந்த அடித்தளத்தின் மேல் 2006 டிசம்பரில் நாடு முழுவதற்கும் புதிய கால அட்டவணை வந்தது. 2008-இல் அந்தப் பணிக்குச் செயல்முறைகள் ஆராய்ச்சித் துறையின் மிக உயர்ந்த பரிசுகளில் ஒன்றான எடெல்மன் பரிசு கிடைத்தது. ஓட்டுநர்களின் மனக்குறை கணக்கில் ஒரு வரியாக ஏறியது, கணக்கு அதையும் சேர்த்துத் தீர்த்தது.

நம் ஊரில் இதைச் செய்வதில் உள்ள பெரிய தடை கூட்ஸ் வண்டி. மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளுக்கு நேரம் உண்டு, லிங்க் உண்டு. கூட்ஸ் வண்டிக்கு நிலையான நேரம் இல்லை; வண்டி கிளம்பும் நிலைக்கு வந்தால் கால் வரும். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரி நீர் சென்னை வில்லிவாக்கத்துக்குப் போனது பலருக்கும் நினைவிருக்கும். செய்திகளில் வேகன்களும் குழாய்களும் வந்தன. முன்பு இல்லாத அந்த வண்டிக்கும் லோகோ பைலட், உதவி லோகோ பைலட், கார்டு என்று ஆட்களை எங்கிருந்தோ எடுத்துத்தான் போட்டிருப்பார்கள். இப்படிப்பட்ட வண்டிகளுக்கு நிச்சயமான அட்டவணை போட முடியாது. ஆனால் எந்த வாரத்தில், எந்த ஆறு மணி நேரத்தில், எத்தனை கால் வரக்கூடும் என்பதைப் பழைய பதிவுகளிலிருந்து கணித்து, அதற்கேற்ப எத்தனை பேர் தயாராக இருக்க வேண்டும், எத்தனை பேர் நிச்சயமாகத் தூங்கலாம் என்று முன்கூட்டியே சொல்ல முடியும். இன்றிரவு கால் வராது என்ற உறுதி ஒரு ஓட்டுநருக்கு எவ்வளவு பெரியது என்பது அந்த வீட்டில் படுத்தவர்களுக்குத் தெரியும். அதிகாலை 2 முதல் 6 வரை உடலின் விழிப்பு அடிமட்டத்தில் இருக்கும் என்று விமானத் துறை ஏற்றுக்கொண்டு விதி எழுதுகிறது. இருப்புப் பாதையில் ஓடுபவரின் உடலும் அதே உடல்தான்.

நிழல் விலையைப் பற்றி மேலே சொன்னேன். வண்டிகளுக்கு இருப்பதுபோல விதிகளுக்கும் விலை உண்டு. தொழிற்சங்கமும் நிர்வாகமும் ஓய்வு நேரத்தைப் பற்றிப் பேசும்போது ஒருவர் பாதுகாப்பு என்பார், மற்றவர் ஆள் இல்லை என்பார். எண் எதுவும் மேசைக்கு வராது. லோகோ பைலட்டுகளின் நெடுநாள் கோரிக்கை ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 30 மணி நேரக் கால ஓய்வுக்குள் 16 மணி நேரத் தலைமையிட ஓய்வைக் கழித்துவிடாமல், இரண்டையும் தனித்தனியே சேர்த்து 46 மணி நேரமாகத் தர வேண்டும் என்பது. காகிதத்தில் பார்த்தால் மாதத்துக்கு ஆளுக்கு 64 மணி நேரம் கூடுகிறது, மாதத்தின் மொத்த நேரத்தில் ஒன்பது சதவீதத்துக்கு அருகே. ஆனால் அந்த 64 மணி நேரமும் புதிய ஆட்களாக மாறாது. லிங்க்கில் பல இடங்களில் அடுத்த வண்டிக்குள் 40 மணி நேர இடைவெளி இயல்பாகவே விழும். அங்கே கூடுதல் செலவு மிகக் குறைவு. வேறு சில இடங்களில் ஒரே ஒரு மணி நேரம் கூட்டினாலும் ஒரு முழு ஆள் தேவைப்படும். எங்கே எது என்பதை வாதிட்டுக் கண்டுபிடிக்க முடியாது. அதே வண்டிகளை வைத்துப் பழைய விதியோடு ஒரு முறையும் புதிய விதியோடு ஒரு முறையும் கணக்கைத் தீர்த்து, ஸ்பேர் ஆட்களின் எண்ணிக்கையை இரண்டிலும் ஒன்றாக வைத்து, தேவைப்படும் ஆட்களைக் கழித்துப் பார்க்க வேண்டும். கிடைக்கும் எண் நிரப்ப வேண்டிய பணியிடங்களின் எண்ணிக்கை.

9 மணி நேர எல்லைக்கும் இதையே செய்யலாம். திட்டத்தில் எட்டே கால் மணி நேரத்துக்கு மேல் போடக் கூடாது, மீதி முக்கால் மணி நேரம் தாமதத்துக்கு மட்டுமே என்று மாதிரியில் ஒரு வரி சேர்த்தால் செலவு எவ்வளவு கூடும் என்று தெரிந்துவிடும். மேலே போட்ட நான்கு வண்டிக் கணக்கில் அந்த ஒரு வரி அட்டவணையையே புரட்டிப்போட்டு ஓர் ஆளைக் கூடுதலாகக் கேட்கும். நூற்றுக்கணக்கான வண்டிகள் உள்ள கணக்கில் மாற்று வழிகள் ஏராளமாக இருப்பதால், கூடுதல் அவ்வளவு கனமாக இருக்காது என்பது என் தொழில் அனுபவம். இதற்கு வேண்டிய தரவும் ஏற்கெனவே இருக்கிறது. கால் பாய் காலம் போய், லாபிகளில் க்ரூ மேனேஜ்மென்ட் சிஸ்டம் வந்த பிறகு, ஒவ்வொரு சைன் ஆனும் சைன் ஆஃபும், சுவாசச் சோதனையும் சேர்த்து, நிமிடத்தோடு பதிவாகின்றன. ஒரு லாபியில் தொடங்கிப் பார்ப்பது கடினமான காரியமே அல்ல. ஜோலார்பேட்டையின் மெயில், எக்ஸ்பிரஸ் லிங்க் ஒரு சாதாரண மடிக்கணினியில் தீர்ந்துவிடும் அளவுள்ள கணக்குதான்.